பாலத்தில் ஓர் ஆள்

கோட்டைக்குள் வடிகான் வெட்டின மூன்றாம் நாள்
மண்வெட்டிக்கு முன்னால் என் கால்தான் கண்டது.
நீலமும் வெள்ளையுமாய் ஒரு துண்டுப் பீங்கான்.
செருப்பு அறுந்த வெள்ளிக்கிழமை அது.
இரத்தம் சேற்றில் கறுப்பாய் ஓடி
தண்ணி கண்ட பிறகுதான் சிவந்தது.

வாவியில் கழுவினேன்,
காலை அல்ல, துண்டை.
ஒரு பாலம். பாலத்தில் ஓர் ஆள்.
கழுத்து வரைக்கும்தான் ஆள், மிச்சம் உடைந்த இடத்தோடு போயிற்று.
கையில் குடையோ தூண்டிலோ.
கீழே ஓர் ஓடம், எங்கள் தோணி இல்லை,
ஆனாலும் நனைகிற ஓடம்.
விளிம்பில் உள்ளே மஞ்சள் மண் தெரிந்தது.
வெள்ளை மேற்பூச்சுத்தான்.

சுவர் அளக்க வந்திருந்த லீஸ்பெத்
சேறு பாராமல் முழந்தாளிட்டாள்.
"எங்கள் ஊரில் சுட்டது" என்றாள்.
அவளுக்குக் கண் கலங்கியது.
எனக்குக் கால் கடுத்தது.

வீதி வேலைக்கு வந்த லியூ, தார் மணக்கும் சட்டையோடு,
கைபேசியைத் துண்டுக்கு மேல் பிடித்துப் பேசினான்.
கைபேசி அதைச் சிங்களத்தில் சொல்லிற்று.
ஓவசியர் தமிழில் சொன்னார்:
"பாலம் அவங்கட. உடுப்பும் அவங்கட.
ஓரத்தில கிடக்கிற எழுத்து மட்டும்
எழுத்தே இல்லையாம்."

எழுத்தே இல்லை.
எழுத்து மாதிரிக் கோடுகள்.
பள்ளிக்கூடம் போக முன் என் மகள்
சுவரெல்லாம் கரியால் கீறிவிட்டு
"வாசிங்க அப்பா" என்று நிற்பாளே, அது மாதிரி.
நானும் வாசிப்பேன்.
ஒவ்வொரு தரமும் வேறு வேறாய்.

சீனம் பாராத எவனோ
குளிருக்குள் ஒரு சன்னலோரம் இருந்து
இன்னொருவன் இழுத்த கோட்டின்மேல்
தன் கோட்டை வைத்திருக்கிறான்.
ஆசையா, களவா?
ஆசைப்படாத களவு எங்கே இருக்கு.

லியூ கோபிக்கவில்லை, சிரித்தான்.
நான்தான் யோசித்துக்கொண்டு நின்றேன்.
பீங்கான் என்ற சொல்லே எங்கட இல்லையாம்,
எந்தத் துறைமுகத்தில் எடுத்தோமோ.
வீட்டில் மெலமைன் தட்டுக்கும் அதே பெயர்தான்,
யாரும் வந்து கணக்குக் கேட்டதில்லை.
ஆனால் அந்தச் சொல்லை எடுக்க
நாங்கள் பீரங்கி கொண்டு போகவில்லை.
இந்தத் தட்டோடு அது வந்தது.
இன்னும் வாசலில் கிடக்கிறது, வாவியைப் பார்த்தபடி.
பிள்ளைகள் மேலே ஏறிப் படம் எடுப்பார்கள்.

பின்னேரம் ஓவசியர் படிவம் நிரப்பினார்.
பொருள்: ஒல்லாந்தர் தட்டு.
கண்டெடுத்தவர்: மெகராஜ்.
நான் மேகராசா.
சம்பளப் பட்டியல் கொழும்பில் அடிக்கிறார்கள்,
மூன்று வருசமாய் அங்கே நான் அப்படித்தான்.
பெயர் மாதிரிக் கோடுகள்.

ஆசுபத்திரியில் ஏற்பு ஊசி போட்டார்கள்.
நேர்ஸ் ஒரு சில்லைக் கிள்ளி எடுத்தாள்.
"இன்னொன்று உள்ளுக்குக் கிடக்குப் போல,
நாளைக்கு வாங்க" என்றாள்.
நாளைக்கு வேலை.

கல்லடிப் பாலத்தில் நொண்டிக்கொண்டு வந்தேன்.
உடைந்துபோன அவன் தலை
என் குதிக்காலுக்குள் இருக்கிறதோ என்னவோ,
வலித்த இடத்திலெல்லாம் நின்று நின்று.
தூண்டில் போட்டிருந்தவர்கள்
ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள்.
பிறகு தண்ணியைப் பார்த்தார்கள்.