கடல்மட்டத்துக்கு நாலு சென்டிமீட்டர் கீழே

அப்பா எங்கள் உயரத்தைத் தரையிலிருந்து எண்ணியதில்லை.
சமையலறை வாசல்காலில்
சிவப்பு மையில் ஒரு கோடு. அதுதான் கடல்.
கோட்டுக்குக் கீழே, பென்சிலில், நாங்கள்.
யெல்ட்சே, ஆறு வயது: மைனஸ் நாற்பத்தேழு.
நான், நாலு வயது: மைனஸ் அறுபத்தொன்று.
"பிள்ளைகளைத் தண்ணிக்குள் நிறுத்தாதே, கெர்லோப்"
என்பாள் அம்மா, கிழங்குத் தோல் சீவியபடி.
"நானா நிறுத்தினேன்? வீடே அங்கேதான் நிற்கிறது."

ஃப்ரீஸ்லாந்தின் அந்த மூலையில்
வயல் கீழே கிடக்கும், வாய்க்கால் மேலே ஓடும்.
படகு போவதை அண்ணாந்து பார்த்து வளர்ந்தோம்.
நடுவில் மூன்று பம்புகள்.
நீர்வாரியம் அவற்றுக்கு எண் வைத்திருந்தது,
அப்பா பெயர் வைத்திருந்தார்.
இருமுகிற பம்புக்கு அவருடைய அத்தை பெயர்.

இரவில் அவை ஓடுவது எங்களுக்குக் கேட்காது.
நின்றால்தான் கேட்கும்.
நின்ற மறுநொடி அப்பாவின் பாதம் தரையில்.
அம்மா எழுந்து காபி வைப்பாள்,
இரண்டு கோப்பை,
அவர் குடிக்காமலே ஓடிவிடுவார் என்று தெரிந்தும்.

பதினாலாவது வயதில் யெல்ட்சே
சிவப்புக் கோட்டைத் தாண்டினாள்.
அப்பா வேலைக்கு லீவு போட்டார்.
துறைமுகத்துக்குப் போய்ப் பொரித்த மீன் தின்றோம்,
கடலுக்கு மேலே வந்த மகளுக்காக.
நான் நூற்றைம்பத்தெட்டில் நின்றுவிட்டேன்.
ஒவ்வொரு பிறந்தநாளும் பென்சிலோடு வந்தார்,
இருபத்தைந்து வயதுவரை,
ஏதோ மழை பெய்து நான் ஏறிவிடுவேன் என்பதுபோல.

என் கல்யாணத்தன்று, சூப் பரிமாறும் நேரம்,
ரூர்ட் வாசலில் வந்து நின்றார், தொப்பி கையில்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
கழுத்தில் செருகிய கைத்துணியோடு அப்பா போனார்.
நாற்காலிகளை அடுக்கும்போது திரும்பினார்,
புது கோட்டில் டீசல்.
"கேக் மிச்சமிருக்கா?"
அன்று நான் கோபமாக இருந்தேன். ரொம்ப நாள் இருந்தேன்.

ஒருமுறை கணக்குத் தப்பினார்.
மதகு திறக்க ஒரு நாள் தாமதம்,
பௌகேயின் வயல் பதினோரு நாள் தண்ணீரில்.
விசாரணை மழைமேல் பழி போட்டு முடிந்தது.
அவரே போய்ச் சொன்னார்: "மழை இல்லை. நான்."
பிறகு இருபத்தாறு குளிர்காலம்
பௌகேயின் கிழங்குதான் எங்கள் வீட்டில்,
அழுகலும் சேர்த்து மூட்டை மூட்டையாக.
பௌகே கடைசிவரை விலை குறைக்கவில்லை.
அப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

அவருக்கும் வாசல்காலில் ஒரு கோடு உண்டு:
பிளஸ் இருபத்திரண்டு.
எழுபதுக்குமேல் பதினேழு.
"இறங்குகிறேன்" என்று சிரித்துத் தேதி போட்டார்.

மார்ச்சில் போனார்.
மேசை இழுப்பறையில், இன்சூரன்ஸ் தாள்களுக்கு மேலே,
அவர் கையெழுத்தில் இரண்டு வரி:
"குழியின் அடி பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்.
சரிபார்க்கவும்."

எங்கள் ஊரில் தேவாலயம் மட்டும் மேட்டில்.
சாணமும் களிமண்ணும் கொட்டி
யார் யாரோ உயர்த்திய மேடு.
அங்கே செத்தவர்கள் கடலுக்கு மேலே,
உயிரோடு இருப்பவர்கள் கீழே.
விடியுமுன் ரூர்ட் மட்டமானியும் முக்காலியும் கொண்டுவந்தார்.
குழி வெட்டுகிற பையன்,
வாயில் சிகரெட்டோடு,
உள்ளே இறங்கி அளவுகோல் பிடித்தான்.
கண்ணாடியில் மழை படாமல் நான் குடை பிடித்தேன்.
"பிளஸ் முப்பத்தொன்று" என்றார் ரூர்ட்.
எழுதிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார்.
மூன்றாம் முறை வாய் திறந்தது, குரல் வரவில்லை.

அன்றிரவு இரண்டு மணிக்கு அத்தை நின்றாள்.
வீடு முழுக்க விழித்துக்கொண்டது.
யெல்ட்சே, அவள் பிள்ளைகள், நான்,
படுத்தபடியே ஒரு பாதத்துக்காகக் காது வைத்தோம்.
அம்மாதான் எழுந்தாள்.
குழாய் திறக்கும் சத்தம். அடுப்பு.
பீங்கானில் பீங்கான் படும் சத்தம், இரண்டு தரம்.

தூரத்தில் யாரோ சைக்கிளை வேகமாக மிதித்துப் போனார்கள்.
வெகு நேரம் கழித்து
அத்தை ஒருமுறை இருமிவிட்டு
ஓடத் தொடங்கினாள்.