உறை எண் நாற்பத்தேழு

குழந்தை அழுதாகிவிட்டது.
எல்லோர் பார்வையும் அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் கருப்பையை வெளியே எடுத்து
ஈரத்துணி மேல் வைக்கிறேன்.
(உள்ளே வைத்தே தைப்பவர்களும் உண்டு.
அது வேறு சண்டை.)

"உறை," என்கிறேன்.
சிஸ்டர் எமரன்சி காக்கி உறையின் ஓரத்தை வெட்டி
விளக்குக்கு நேரே பிடிக்கிறார்.
"நாற்பத்தேழு. ஒத்தை. பூட்டாம."

ஒற்றை என்றால் ஒரே அடுக்கு.
இடது கோடியில் முடிச்சு,
அங்கிருந்து வலது கோடிவரை நிற்காத ஓட்டம்.
இரட்டை என்றால் அந்த வரிசையை மூடி
மேலே இன்னொரு வரிசை,
கூடுதலாக ஐந்தாறு நிமிடம், கொஞ்சம் மனநிம்மதி.
நிம்மதி யாருக்கு என்று
என் ஆய்வுப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றில் மாட்டிப் பூட்டினால்
ரத்தம் சொன்ன பேச்சு கேட்கும்.
அதிகம் இறுக்கினால் சதைக்கு மூச்சு முட்டும்.
இரண்டுமே கரைகிற நூல்தான்.
சில மாதத்தில்
நான் வந்துபோன அடையாளமே இருக்காது,
தழும்பைத் தவிர.

மேசையில் அமலோற்பவம், இருபத்தாறு, காசிமேடு.
காசிமேடு என்றதும் வலை முடிவதை இழுத்து உவமை சொல்லலாம்.
அவள் கணவன் பாரிமுனையில் சார்ஜர் விற்கிறான்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறாள்:
"டாக்டர், எனக்கு எந்தச் சீட்டு விழுந்துச்சு?"
"சொல்லக் கூடாதும்மா."
"ஏலச்சீட்டு மாதிரியே இருக்கு," என்று சிரிக்க
வயிறு குலுங்கி ஊசி நிற்கிறது.
"சிரிக்காதீங்க."
துணி எண்ணுகிறார்கள். பன்னிரண்டு. சரி.

தையல் என்றால் பெண் என்றும் பொருள்,
பள்ளியில் படித்தது.
இந்த அறையில் அதை யாரும் யோசிப்பதில்லை,
நேரமில்லை,
அடுத்த வண்டி வாசலில் நிற்கிறது.
என் வயிற்றிலும் ஒன்று இருக்கிறது.
புரசைவாக்கத்தில் போட்டது.
டிஸ்சார்ஜ் தாளில் ஒரே வரி:
கருப்பை அடுக்குகளாக மூடப்பட்டது.
எத்தனை அடுக்கு என்று கேட்கப் போனேன்.
அந்த நர்சிங் ஹோம் இப்போது கண்ணாடிக் கடை.

ஆறு மாதம் கழித்து
நூற்றிருபது பேரையும் ஸ்கேனுக்கு அழைத்தேன்.
வந்தது நாற்பத்தொன்று.
சிலர் எண் உபயோகத்தில் இல்லை.
ஒருத்தியைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.
"ஒரு கோட்டைப் பாக்க
ரெண்டு பஸ் ஏறி வரணுமா?" என்றாள்.
நியாயம்தான்.

வந்தவர்களின் தழும்பில்
சிறு கறுப்பு முக்கோணங்களை அளந்தேன்,
மிச்சச் சதையின் தடிமனை அளந்தேன்.
ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடையே
அரை மில்லிமீட்டர்.
புள்ளியியல்காரர் கண்ணாடியைக் கழற்றினார்:
"வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாது."
"இல்லைன்னு?"
"அதையும் சொல்ல முடியாது."

அமலோற்பவம் கடைசி வாரம் வந்தாள்,
இடுப்பில் பையன்,
அவன் கையில் கடித்துக் கூழான டோக்கன்.
ஜெல் தடவிக் கருவியை வைத்தேன்.
தழும்பு தெரிந்தது. மெல்லியது, நேரானது, என்னுடையது.
அதற்குக் கொஞ்சம் மேலே
அரிசி அளவில் ஏதோ துடித்தது.

நான் பேசாமல் இருந்ததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.
"பால் குடுத்தா நிக்காதுன்னாங்க," என்றாள்.
யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

விதிப்படி, இடையில் கர்ப்பமானவர்
ஆய்விலிருந்து நீக்கப்பட வேண்டும்.
அந்தத் தையல் தாங்குமா என்று
உண்மையிலேயே தெரியப்போகிற நேரத்தில்
நாற்பத்தேழாம் வரிசையை அழித்தேன்.
நூற்றிருபது, நூற்றுப்பத்தொன்பது ஆனது.

அவளுடைய அட்டையின் ஓரத்தில் மட்டும்,
அடுத்துத் திறக்கப்போகிறவர் யாரோ, அவருக்காக,
பேனாவை அழுத்தி எழுதினேன்:
ஒற்றை. பூட்டவில்லை.

"இப்பவாவது சொல்லலாமா?" என்றாள்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"ரெட்டை விழுந்திருந்தா?"

பையன் கேபிளைப் பிடித்து இழுத்தான்.
திரை ஒரு முறை அணைந்து எரிந்தது.