முப்பத்தொரு ஃப்ரேம்

பர்பேங்க், முப்பத்தெட்டாம் வருஷக் கோடை.
நைட்ரேட் சுருள் தீப்பிடிக்குமென்று
வாசலில் மணல் வாளி வைத்த அறை.
புகைக்க வேண்டுமானால்
எலுமிச்சை மரத்தடிக்குப் போகவேண்டும்.
நான் போவதில்லை. போனால்
என் நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்துவிடுவார்.

அவருக்கு வேண்டியது ஒரு விதவையின் முகம்.
பதினேழு டேக். பதினேழிலும்
லொரெய்ன் டெவ்ரூ அழுதிருந்தாள்,
வாங்கிய சம்பளத்துக்குக் குறைவில்லாமல்.
"கண்ணீர் இருக்கிறது, ஆள் இல்லை" என்றேன்.
"வெட்டுவது உன் வேலை, ஸ்வோபோடா" என்றார்.

வெட்டினேன்.
வெள்ளைக் கையுறையில் பசை நாற்றம்.
பெடலை மிதித்தால் மூவியோலா
தையல் மெஷின்போலக் கடகடக்கும்.
அதனால்தான் இந்த வேலைக்குப் பெண்கள் என்று
முதலாளி ஒருமுறை விளக்கினார்.
எனக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது.

துண்டுகள் தொங்கும் தொட்டியில்
ஒன்பதாம் டேக்கின் வால் கிடந்தது.
கட் சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது.
லொரெய்ன் நடிக்கவில்லை.
உதடு லேசாகத் திறந்து
வாசல் பக்கம் பார்க்கிறாள்,
ஏதோ ஒன்று
அவளைக் கேட்காமலே போவதுபோல.
முப்பத்தொரு ஃப்ரேம்.
ஒரு நொடி, கொஞ்சம் சில்லறை.

சவப்பெட்டிக்கும் மூடும் கதவுக்கும் நடுவில்
ஒட்டிவிட்டேன்.

பசடீனா முன்னோட்டத்தில்
மூன்றாம் வரிசைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.
இயக்குநர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்:
"அந்தப் பார்வைக்காக
விடிய விடிய அவளை நிற்கவைத்தேன்."

லொரெய்ன் மட்டும் ஒரு மதியம் வந்தாள்,
ஒப்பனை இல்லாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி.
மூன்று தடவை ஓட்டச் சொன்னாள்.
"சாப்பாட்டு வண்டி" என்றாள்.
"கடைசி ஹாம் சாண்ட்விச்சை
விளக்குப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு போனான்."
சிரித்தோம்.
முதலில் நிறுத்தியவள் அவள்.
"அது மட்டும் இல்லை" என்றாள்.

வேறென்ன என்று நான் கேட்கவில்லை.
தெரிந்திருந்தால்
அந்த இடத்தைத் தொடவே
கை வந்திருக்காது.

இருபத்தாறு வருஷம், அறுபத்து மூன்று படம்.
எட்னா ஸ்வோபோடா என்ற அட்டை
இரண்டு நொடி நிற்கும்.
ஒரு படத்தில் அதையும்
ஒன்றரையாகக் குறைத்தேன்.
இசை அங்கேயே முடிந்துவிட்டது,
பிறகென்ன.