பியூஸ் கட்டை

ஹட்டனில் மழை விட்டபாடில்லை.
நகரசபை மண்டபத்துத் தகரத்தில் அது விழுகிற விழுகைக்கு
மைக்கை இரண்டு தடவை கூட்டி வைத்தார்கள்.
புலனாய்வுக்காரர்களின் விசாரணை முறைகள் பற்றி
பாராளுமன்ற மேற்பார்வைக் குழு, இரண்டாம் அமர்வு.

முதல் அமர்வு ஆறு வருடத்துக்கு முன்.
இதே மண்டபம். இதே சாட்சி.
சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில்
அதே பிளாஸ்டிக் கதிரையில் நான்.

இடையில் ஆட்சி மாறியது.
தடித்த கண்ணாடிக்காரர் அன்று எதிர்க்கட்சி, ஜன்னலோரம்,
சாரல் அடிக்கிற இடம்.
மோதிரக்காரர் தவிசாளருக்குப் பக்கத்தில்.
இன்று மோதிரக்காரரின் தோளில் சாரல்.

இன்னாசி எழுந்தார். தோட்டத்து எலக்ட்ரீஷியன்.
அன்று சொன்னது என் பழைய கொப்பியில் இருக்கிறது:

'மலைக்கு மேல ஒரு பங்களாங்க.
கண்ணக் கட்டித்தான் கொண்டு போனாங்க.
மூணாம் ராத்திரி லைட்டு போச்சு.
அவங்களுக்குப் போடத் தெரியல.
என்னத்தான் அவுத்து விட்டாங்க.
கம்பி மாத்திப் போட்டேன்.
வெளிச்சம் வந்திச்சு.
மறுபடி கட்டினாங்க.'

கண்ணாடிக்காரர் அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'இது சித்திரவதை' என்றார், குரல் உடைய.
மோதிரக்காரர் கேட்டார்:
'வைத்தியச் சான்றிதழ் உண்டா?'

என்னுடையதையும் எழுதிவிட வேண்டும்.
'கதறினேன்' என்றார் இன்னாசி.
நான் அதைச் சிங்களத்தில்
'குரல் எழுப்பினேன்' என்று இறக்கி வைத்தேன்.
அந்த வருடம் என் நியமனம் தற்காலிகம்.

இந்தத் தடவை இன்னாசி வாயைத் திறக்கு முன்
என் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.
'தம்பி, இன்னைக்கு எந்தப் பக்கம் பார்த்துச் சொல்லணும்?'
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு சொன்னார்:
'போன மாசி மாசம் திரும்பப் பிடிச்சாங்க.
ஆளுங்க வேற. பங்களா அதேதான்.'
எப்படித் தெரியும் என்றார் தவிசாளர்.
'கண்கட்டு கொஞ்சம் நழுவிச்சுங்க.
சுவத்துல பியூஸ் பெட்டி, மூடி இல்ல.
நான் போட்ட கம்பி.
அப்படியே இருந்திச்சு.
லைட்டு ஒரு தடவகூட போகல.'

மோதிரக்காரர் கைக்குட்டையைத் தேடினார்.
'சித்திரவதை' என்றார், குரல் உடைய.
அந்தச் சொல் அவர் வாயில்
புதுச் செருப்புப் போலக் கடித்தது.
கண்ணாடிக்காரர் கோப்பைப் புரட்டினார்,
கடைசிப் பக்கம் வரை, நிதானமாக.
'வைத்தியச் சான்றிதழ் உண்டா?'

அதே சிங்களம். 'வைத்திய'வுக்குப் பிறகு
அதே மூச்சு.
பழைய கொப்பியைப் பார்த்தே வாசித்திருப்பேன்,
பேர் போட்ட இடத்தில் மட்டும்
விரலை வைத்து மறைத்துக்கொண்டு.

அன்று ஐந்துக்கு மூன்று: முறைகேடு நிரூபணமாகவில்லை.
இன்றும் அதே ஐந்து, அதே மூன்று வரும்.
மூன்று பேரின் மாற்று அறிக்கையைச்
சின்ன எழுத்தில் பின்னிணைப்பாக அச்சடிப்பார்கள்.
பங்களாவின் பேர் இரண்டு அறிக்கையிலும் கறுப்பு மை.
அந்த ஒரு விஷயத்தில் எட்டுப் பேரும் ஒரே கட்சி.

'கதறினேன்' என்றார் இன்னாசி, இரண்டாம் தடவையும்.
இம்முறை சரியான சொல்லைப் போட்டேன்.
தட்டச்சுக்காரி ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நான் இப்போது நிரந்தரம்;
துணிச்சல் என்று அதற்குப் பேர் வைக்க மாட்டேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
மைக் செத்தது. மழை மட்டும்.
அரை இருட்டில் எட்டுத் தலைகள்
இன்னாசி பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.
அவர் இரண்டு கையையும்
தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

'எப்போது வரும்?'
எந்தப் பக்கத்துக் குரல் என்று தெரியவில்லை.
பழக்கத்தில் தமிழாக்கினேன்.
'அது நமக்குத் தெரியாதுங்க' என்றார்.