தேய்மானக் கணக்கு

அடிலெய்டிலிருந்து பார்சல் வர எட்டு நாள்.
மழை பெய்து சாலையை மூடிவிட்டால்
எட்டு என்பது யாரும் எண்ணி முடிக்காத எண்.
ஆகவே என் மேசையில்
எந்தக் கருவிக்கும் சாக அனுமதி இல்லை.

கூபர் பீடியில் வீடு தரைக்குக் கீழே.
மேலே வெயில் நாற்பத்தாறு தொடும்போதும்
சுவரில் கன்னம் வைத்தால் குளிரும்.
ராதோவான் தோண்டுகிறான். நான் செதுக்குகிறேன்.
அவன் துளைமுனைகளைச் சிகரெட் மாதிரி
ஊதித் தள்ளுவான்.
நான் ஒரு சிலிகான் முனையை
மூன்று வருடம் குடித்தனம் நடத்த வைப்பேன்.

தண்ணீர்தான் முதல்.
காய்ந்த சக்கரம் கல்லைத் தின்பதில்லை,
தன்னையே தின்கிறது.
நர்ஸ் மரோலா தந்த சலைன் குழாய்
மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது:
விநாடிக்கு ஒரு சொட்டு,
நோயாளி யாரென்று கேட்காமல்.
தண்ணீரோ இங்கே காசு போட்டால்தான் வரும்.
வாளியில் பிடித்து, வெள்ளைச் சேறு அடியில் படிய
ஓர் இரவு விட்டு, மேலாக மொண்டு
மறுபடியும் ஊற்றுவேன்,
முரட்டு வேலைக்கு மட்டும்.
மெருகுக்கு எப்போதும் புதுத் தண்ணீர்.
ஒரே ஒரு தடித்த துகள் போதும்
ஒரு வாரத்தைக் கீறிப் போட.

மூடிகளில் நகப்பூச்சு அடையாளம்.
சிவப்பு முந்நூறு, பச்சை அறுநூறு,
ஊதா மூவாயிரம்.
டப்பாக்களுக்கு இடையே
கொள்வினை கொடுப்பினை கிடையாது.

மழமழவென்று மின்னும் சக்கரம் செத்ததல்ல,
மூச்சடைத்தது.
உடைந்த சாணைக்கல்லில் ஒரு நொடி காட்டினால்
தோல் உரிந்து வைரம் எழுந்து வரும்.
கடைசிப் பளபளப்புக்கு மூங்கில்:
கல் வாங்க வரும் லாம்
சாப்பிட்டுவிட்டு விட்டுப்போகும் குச்சிகள்.
பென்சில் போலச் சீவி, வைரப்பசை தொட்டு,
மழுங்கினால் மறுபடி சீவி.
செலவு: பூஜ்யம்.

அழுத்தக் கூடாது என்பதை
எழுதி ஒட்டவேண்டியதாயிற்று.
ஒருமுறை ராதோவான் என் நாற்காலியில் உட்கார்ந்து
பெடலை மிதித்தான்,
பாறையை முட்டுகிற பழக்கத்தில்.
ரப்பர் கருகும் வாடை.
முனை காளானாகச் சப்பிப்போனது.
ஓபலுக்குள்ளும் தண்ணீர் உண்டு,
அதைக் கொதிக்க விட்டான்.
குறுக்கே ஒரு மயிரிழை.
'கல்லில் குறை' என்றான்.
நான் முனையைக் காட்டினேன்.
நான்கு நாள் பேச்சில்லை.

ஜூலையில் அவனே கொண்டுவந்தான் ஒன்று,
கட்டைவிரல் அளவு.
பச்சைக்குள் சிவப்பு புரண்டு படுத்திருந்தது.
சுருண்ட இலையாகச் செதுக்கினேன்.
சுருளின் அடியில் களிமண் கோடு,
சாம்பல் நிறத்தில், ஒரு பொய்யைப் போல.
புதிதாக வந்தவை எதுவும் உள்ளே போகவில்லை.
எல்லாம் கொழுத்தவை.

பொத்தான் டப்பாவைக் கொட்டினேன்.
கிடந்தது பதினேழாம் எண்.
ஏழு வருடத்துக்கு முன் தோட்டா அளவில் வந்து
சாணையில் சாணையாய் இளைத்து
எள்ளளவில் நின்றுபோனது.
ஏன் எறியவில்லை என்று கேட்காதீர்கள்.
கஞ்சத்தனத்துக்குக் காரணம் இருந்ததே இல்லை.

போயிற்று.
மூன்று மணி நேரம்,
மூச்சு விடுவதற்கும் நிறுத்தி நிறுத்தி.
களிமண் கரைந்து, அடியிலிருந்து சிவப்பு
கண் விழித்தது.
வெளியே இழுத்தபோது
தண்டின் நுனியில் எதுவும் இல்லை.

இப்போது லாம் விளக்கடியில்
இலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்.
விலை சொல்லிவிட்டேன், அவர் இருமுகிறார்.
பின்னறையில் தேநீர் வடிகட்டியோடு
மண்டியிட்டு, முழங்கைவரை வெள்ளைச் சேறாய்
ராதோவான்.

'கிடைத்ததா?'

'இன்னும் ஒரு வாளி இருக்கிறது.'