வெறும் வேர்

இந்த ஊரின் பெயர் கூர்.
காற்றும் அப்படித்தான்.
தெற்கிலிருந்து மலையேறி வரும்போதே
இருந்த ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு
வெறுங்கையோடு இறங்குகிறது.
அதற்கு ஃபோன் என்று பேர்.
"இண்டைக்கு ஃபோன் வருமாம்"
வானொலி கேட்டு நான் சொன்னபோது
குகநேசன் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார்.

ஈரமானி பத்தொன்பது காட்டுகிறது.
உதடு வெடிக்கிறது.
கதவுப்பிடியைத் தொட்டால் பொறி.
யன்னல் கம்பியில் தொங்குகிறது
வண்டா ஓர்கிட்.
சட்டியில்லை, மரப்பட்டையில்லை, பாசியில்லை.
பதினேழு வேர்கள்,
உடுப்பு மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டாற்போல்
அப்படியே
வெளியே நிற்கின்றன.

காய்ந்தால் வெள்ளி.
நனைத்தால்
இருபது எண்ணுவதற்குள் பச்சை.
அதைப் பார்ப்பதற்காகவே
சில நாள் இரண்டு தரம் முக்கியிருக்கிறேன்.

குழாய்த் தண்ணீர் சரிவராது, சுண்ணாம்பு.
பல்லில் காரை படிகிற மாதிரி வேரில் படியும்.
காரை சுரண்டுவது என் பகல் தொழில்,
வீட்டிலும் வேண்டாம்.
பால்கனியில் விழுந்த பனியை
பெரிய பானையில் அள்ளி அடுப்பில் வைக்கிறேன்.
உருகி, விரல் பொறுக்கும் சூடு வரவேண்டும்.
ஒருநாள் குகநேசன் மூடியைத் திறந்து
கரண்டியால் அள்ளிக் குடித்துவிட்டு
உப்புப் போடேல்லை என்றார்.

வேலையிடத்தில் செரைனா கேட்டாள்,
மண்ணில்லாமலா, உங்களைப் போலவே, என்று.
அன்பாகத்தான் கேட்டாள்.
என் இரண்டு கையும் ஒருவருடைய வாய்க்குள் இருந்தன.
மதியச் சாப்பாட்டில் சொன்னேன்:
இது ஒருகாலமும் மண்ணில் இருந்ததில்லை,
கிளையில் பிறந்தது,
மண்ணைக் கண்டால் அழுகிவிடும்.
இதன் காலில் போடும் மண்
தலையில் போட்ட மண்.
இந்தக் கடைசி இரண்டு வரியை
டொச்சில் சொல்லத் தெரியவில்லை.
அவளுடைய சாலட்டில் பாதியை
என் தட்டில் வைத்தாள்.

இரவு பன்னிரண்டரை.
ஹோட்டல் குசினி மூடி
வெங்காயமும் உருகிய சீஸும் மணக்க வருவார்.
அதற்குள் வண்டாவைக் கொண்டுபோய்க்
குளியலறைத் திரைக்கம்பியில் கொழுவிவிடுவேன்.
முதல் கிழமை,
"இது பாத்துக்கொண்டிருக்கேக்க
எப்பிடிக் குளிக்கிறது?" என்றார்.
இப்போது சுடுதண்ணீரைத் தேவைக்கு மேல் திறந்து
குளித்து முடித்தும்
கதவைச் சாத்தியபடி
பத்து நிமிடம் உள்ளே நிற்கிறார்.
என்ன செய்கிறார் என்று கேட்டதில்லை.
ஒருநாள் மெல்லப் பேசுவது கேட்டது.
முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம்:
கீழ்வீட்டு அம்மாவின் முறைப்பாடு,
நடுச்சாமத்தில் நீராவி, பூஞ்சணம் பிடிக்கும்,
ஒரு நாளைக்கு மூன்று தரம்
யன்னலை முழுதாகத் திறக்கவும்.

முழுதாகத் திறந்தால்
உள்ளே வருவது யார் என்று
எனக்குத் தெரியும்.

திங்கள் காலை எட்டு மணிக்கு
ஹெர் கடுஃப் வந்தார்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு,
கையில் ஈரம் அளக்கும் கருவி,
அதற்கு இரண்டு ஊசிப் பற்கள்.
குளியலறைச் சுவரில் வைத்தார். சத்தமில்லை.
மூலையில். மேலே. தொட்டிக்குப் பின்னால்.
நானும் அவரோடு குனிந்து குனிந்து பார்த்தேன்,
எங்கேயாவது இருக்கட்டுமே என்று
ஒரு கணம் தோன்றியது.
இல்லை.

திரும்பும்போது தலையில் வேர் உரசியது.
நிமிர்ந்து பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு ஊசியைப் பதிக்காமல்,
குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல்,
கருவியை ஒரு வேரோடு சேர்த்தார்.

பீப் என்றது.

"பூக்குமா?"
"மூன்று வருஷமாக இல்லை."

ஈரம் குறிப்பிடும்படி இல்லை என்று
படிவத்தில் எழுதினார்.
விதிப்படி யன்னலை முழுதாகத் திறந்துவிட்டுப் போனார்.
அவர் படியிறங்கி முடிக்குமுன்
மூடினேன்.

இரவு குகநேசனிடம் சொன்னேன்.
"அப்ப இன்னும் பத்து நிமிசம் நிக்கலாம்"
என்று துவாயை எடுத்துக்கொண்டு போனார்.