நாற்பத்திரண்டு அங்குலம்

என் வேலை ஆணி.
யார் வரைந்தது, ஏன் வரைந்தது என்பதெல்லாம்
மாடியில் இருப்பவர்கள் பாடு.
தரையிலிருந்து ஐம்பத்தேழு அங்குலத்தில்
சட்டத்தின் நடுப்புள்ளி நிற்க வேண்டும்.
மில்வாக்கியின் இந்தச் சுவர்களில்
இருபத்தாறு வருடமாக அந்த ஓர் எண்ணைத்தான்
அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒடெஸா பிக்கெட் வந்தது ஒரு பிப்ரவரியில்,
ஏரி உறைந்து கிடந்த வாரம்.
கையுறை விற்றுச் செல்வம் சேர்த்த
ஹெல்ம்பிரெக்ட் குடும்பத்தின் நல்கை:
இரண்டு வருடம், ஒரு மேசை, கழுத்தில் ஓர் அட்டை.
அட்டையில் அவள் பெயரைவிட
அவர்கள் பெயர் பெரிது.
‘பன்முகத்தன்மை’ என்ற சொல்
அவள் கோட்டைக் கழற்றும் முன்பே
செய்திக்குறிப்பில் ஏழு முறை வந்துவிட்டிருந்தது.
“நீங்க எண்ணலையா?” என்றாள். “நான் எண்ணினேன்.”

அவள் முதலில் விசாரித்தது பேருந்தை.
வடக்குப் பக்கத்துப் பள்ளிகள் ஏன் வருவதில்லை?
நுழைவு இலவசம்தானே என்றார்கள்.
நுழைவு இலவசம்தான்.
பேருந்துக்கு முந்நூற்று எண்பது டாலர்.
மண்டபத்துக்குக் கொடுப்பார்கள், மாடிப்படிக்குக் கொடுப்பார்கள்,
இங்கே கழிப்பறைக் கதவில்கூட
ஒரு பித்தளைப் பெயர் மின்னுகிறது.
டீசலில் யார் பெயரைப் பொறிப்பது?

எப்படியோ வாங்கிவிட்டாள், நாற்பது பேருந்துகளுக்கு.
செவ்வாய்தோறும் வந்தார்கள், ஆறு வயது, ஏழு வயது,
பனிச்சேறு ஒட்டிய பூட்சுகளோடு.
ஈரக் கையுறைகளை வெப்பக்குழாயின் மேல் பரப்பினார்கள்;
பதினேழாம் நூற்றாண்டு முழுக்கக்
கம்பளி வாசனை அடித்தது.
ஒடெஸா அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்து
அண்ணாந்து பார்த்தாள்.
பிறகு என்னைக் கூப்பிட்டாள்.
“ராடோவன், இங்கே உட்காருங்க. என்ன தெரியுது?”
என் முழங்கால் முனகியது. உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் கூரை விளக்கு தெரிந்தது. விளக்கு மட்டும்.

அந்த ஓவியத்தில் ஒரு பெண் மீன் அரிகிறாள்.
கீழே, இடது மூலையில், கூடை பிடித்தபடி
ஒரு கறுப்பினச் சிறுவன்.
விளக்க அட்டையில் மீனின் வகை இருக்கிறது.
அவன் இல்லை.

பதினொரு பிள்ளைகளை நிறுத்தி
தரையிலிருந்து கண்வரை நாடாவால் அளந்தாள்.
நாற்பத்திரண்டு.
அந்த உயரத்தில் அடித்தேன்.
கை தானாக மேலே போகப் பார்த்தது;
இருபத்தாறு வருடக் கை.

நன்கொடையாளர் விருந்து நடந்த இரவு,
பட்டும் வெல்வெட்டுமாக வந்தவர்கள்
அந்தச் சுவர் முன் குனிய வேண்டியிருந்தது.
ஒருவர் தன் முதுகுத்தண்டைப் பற்றி நகைச்சுவை சொன்னார்.
மார்லிஸ் ஹெல்ம்பிரெக்ட் குனியவில்லை.
மண்டியிட்டார். வெகுநேரம் அப்படியே.
“இந்தப் பையன் யார்?”
“தெரியாது,” என்றாள் ஒடெஸா.
“கண்டுபிடிக்கத்தான் இன்னும் ஒரு வருடம் கேட்டிருக்கேன்.”
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
எழுந்திருக்க அந்த அம்மாளுக்கு ஒரு கை தேவைப்பட்டது;
ஒடெஸா கொடுத்தாள்.

காசோலை வந்தது.
ஐந்து வருடத்துக்கும் பேருந்து.
ஆளுக்குப் பணம் வேறு பையிலிருந்து வரவேண்டுமாம்;
அந்தப் பை இந்த முறை
கண்ணாடிக் குவளைகளுக்குத் திறந்தது.
ஜூன் முப்பதில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
டல்சாவுக்குப் போனாள்.
மேலிருந்து எனக்கு ஒரு வரியில் உத்தரவு:
வழக்கமான உயரத்துக்கு ஏற்றவும்.

ஏற்றினேன். என் வேலை அதுதான்.

கீழே இரண்டு ஆணித்துளைகள்.
ஒன்றை அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசினேன்.
மற்றதை அடைக்கப் புட்டி எடுத்தபோது
வாசலில் பேருந்து வந்து நின்றது.
செவ்வாய்க்கிழமை.
ஒரு சிறுமி நேராகச் சுவரிடம் போய்
துளைக்குள் விரல் நுனியை வைத்து,
ஒரு கண்ணை மூடி, உள்ளே பார்த்தாள்.
காவலர் என்னைப் பார்த்தார்.
நான் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புட்டி காய்ந்துவிட்டது.
புதியது கேட்டு எழுதிப் போட வேண்டும்.
இந்த வாரம் நேரமில்லை.